கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஒரு குரோஷா ஆவுளியா

கேள்வி சுருக்கமாக இதுதான்: தங்கச்சிமடத்தில் சில பெண்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், குட்டி ஆவுளியா (கடல் பசு) போடுகிறார்கள். இருபது பொம்மை செய்து கோயில் விற்பனை மேசையிலும் வைக்க எண்ணம். இணையத்தில் கிடைத்த பேட்டர்னைப் பார்த்துப் போட்டதில் நான்கு குறைகள். தலை நேராக நிற்கிறது. வால் தோசைக் கரண்டி மாதிரி இருக்கிறது. உள்ளே வைத்த பஞ்சு வெளியே தெரிகிறது. மழைக்காலத்தில் பொம்மை பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. எந்த நூல், எந்த ஊசி, எத்தனை கண்ணி?

வாலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் கைக்குற்றம் இல்லை. இணையத்தில் கடல் பசு என்று தேடினால் வருகிற பேட்டர்ன்களில் பெரும்பாலானவை மனாட்டியினுடையவை. மனாட்டிக்கு வால் உருண்டைத் துடுப்பு. அது அமெரிக்க, ஆப்பிரிக்கக் கரைகளில் இருக்கிற விலங்கு, நம் கடலில் கிடையாது. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருப்பது டுகாங், அதாவது ஆவுளியா. அதன் வால் ஓங்கிலின் (டால்பினின்) வால் போல இரண்டாகப் பிரிந்து நடுவில் வெட்டு விழுந்திருக்கும். உங்கள் ஊரில் வலைக்குப் போகிறவர்கள் யாராவது அந்த உருண்டை வாலைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

ஆவுளியா என்று பார்த்ததும் தெரிய மூன்று அடையாளம் போதும். மூக்கும் வாயும் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், கடலடியில் கடற்புல்லை மேய்கிற வாய் அது. வால் இரு பிரிவாக, கிடைமட்டமாக இருக்க வேண்டும். முதுகில் துடுப்பு இருக்கவே கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் கண் சற்று இடம் மாறினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மூன்றில் ஒன்று தவறினால் அது ஓங்கிலாகவோ கடல்நாயாகவோ ஆகிவிடும்.

நூலும் ஊசியும்

மில்க் காட்டன் என்ற பெயரில் விற்கிற 5 பிளை நூல், 2.5 மி.மீ. குரோஷா ஊசி. இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே உள்ள கணக்கு. ஒரு பொம்மைக்கு ஏறக்குறைய 12 கிராம், அதாவது 25 மீட்டர் நூல் வைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் உருண்டையில் நான்கு பொம்மை வரும். இருபது பொம்மைக்கு ஐந்து உருண்டை கணக்குக்குச் சரி, ஆனால் ஆறாக வாங்குங்கள், அதுவும் ஒரே டை லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் தோய்த்ததாக. நடுவில் தீர்ந்து மறுபடி வாங்கினால் அதே எண் போட்ட நிறமே ஒரு சாயல் மாறி வரும். ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பேன்சி கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக். அதிலும் போடலாம். விலை குறைவு, ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. ஆனால் இழுத்தால் நீளும், பஞ்சு அடைத்ததும் கண்ணிகள் விரிந்து கொடுக்கும், நாலு பேர் கைபட்டால் மேலே பிசிர் உருண்டு நிற்கும். அக்ரிலிக்கில் போடுவதாக இருந்தால் ஊசியை 2 மி.மீ. ஆக்குங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டில் வலை நூல் இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றும். நைலான் முறுக்கு நூல் வழுக்கும், கண்ணி இறுகி நிற்காது, சுட்டுவிரலையும் அறுத்துவிடும். உடலுக்கு அது வேண்டாம்.

நிறம்: சுத்தமான சாம்பல் எடுத்தால் பொம்மை யானைக்குட்டி போலத் தெரியும். சாம்பல் கலந்த பழுப்பு எடுங்கள். மிக அடர்ந்த நிறமும் வேண்டாம், உள்ளே இருக்கிற வெள்ளைப் பஞ்சு கண்ணி இடுக்கில் புள்ளி புள்ளியாகக் காட்டும்.

உள்ளே அடைக்கப் பாலியெஸ்டர் பஞ்சு, ஒரு பொம்மைக்கு 3 முதல் 4 கிராம். இலவம் பஞ்சு வீட்டில் இருந்தாலும் எடுக்காதீர்கள். அதன் இழை மெல்லியது, கண்ணி இடுக்கில் பறந்து வந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் அமுங்கியும் போகும். மருந்துக்கடைப் பஞ்சு அதைவிட மோசம். ஈரத்தைக் குடித்துக் கட்டியாகிவிடும், கடலோர வீட்டில் பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

சுற்றின் தொடக்கத்தை அடையாளம் வைக்க ஊக்கு மாட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. உப்புக்காற்றில் ஊக்கு துருப்பிடிக்கும். இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு வந்தால் வெளிர் நூலில் காவிப் புள்ளி விழுந்திருக்கும், துருக்கறை பிறகு லேசில் போகாது. வேறு நிற நூலில் ஒரு துண்டு வெட்டி மாட்டினால் போதும்.

போடும் முன்

கீழே சிங்கிள் என்று சொல்வதெல்லாம் சிங்கிள் குரோஷா. பழைய பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களில் இதே கண்ணிக்கு டபுள் குரோஷா என்று பெயர். அந்தப் புத்தகத்தில் பழகியவர் உங்கள் குழுவில் இருந்தால் முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவருடைய பொம்மை மட்டும் வேறு அளவில் வந்துவிடும்.

கூட்டல் என்றால் ஒரே கண்ணியில் இரண்டு சிங்கிள். குறைத்தல் என்றால் இரண்டு கண்ணியை ஒன்றாக்குவது. குறைக்கும்போது அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளின் முன்பக்க இழையில் மட்டும் ஊசியை விட்டு, நூலை இழுத்து, பிறகு வழக்கம்போல முடியுங்கள். இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்துக் குறைத்தால் ஒவ்வொரு குறைப்பிலும் ஒரு சிறு துளையும் புடைப்பும் நிற்கும். வால் பக்கம் ஒடுங்கும்போது அது வரிசையாகத் தெரியும்.

அளவு சரிபார்க்க: 2.5 செ.மீ. அகலத்தில் 6 கண்ணி, அதே உயரத்தில் 6 சுற்று வர வேண்டும். ஐந்துதான் வருகிறது என்றால் உங்கள் கை தளர்வு, அரை மி.மீ. சிறிய ஊசிக்கு மாறுங்கள். பஞ்சு வெளியே தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். உடையோ மேசை விரிப்போ போடுகிற கைக்கு இந்தப் பின்னல் அநியாயத்துக்கு இறுக்கமாகத் தோன்றும். இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். பின்னிய துணியை விரலில் மாட்டி வெளிச்சத்தில் பிடித்து இழுத்தால் ஊசிமுனை அளவுக்கு மேல் வெளிச்சம் வரக் கூடாது.

இரண்டாவது காரணம், பொம்மையை உட்புறம் வெளியே வைத்துப் போடுவது. புதிதாகப் பழகுகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள். வெளிப்பக்கத்தில் கண்ணிகள் வி வடிவமாக அடுக்கடுக்காக நிற்கும். உட்பக்கத்தில் குறுக்குக் கோடுகள் ஓடும். நான்காவது சுற்று முடிந்ததும் கிண்ணத்தைப் பாருங்கள். குறுக்குக் கோடு வெளியே இருந்தால் அப்போதே விரலால் தள்ளிப் புரட்டிவிடுங்கள். பிறகு புரட்டினால் மூக்கு அமுங்கிப்போகும்.

உடல், மூக்கில் இருந்து வால் வரை

சுற்றின் தொடக்கம் எப்போதும் வயிற்றுப் பக்கம் இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் உள்ளது சுற்று முடிவில் இருக்க வேண்டிய கண்ணி எண்ணிக்கை.

1: மேஜிக் வளையத்தில் (நுனியை இழுத்தால் இறுகி மூடுகிற நூல் வளையம்) 6 சிங்கிள் (6)
2: ஒவ்வொன்றிலும் கூட்டல் (12)
3: 1 சிங்கிள், 1 கூட்டல், இப்படி ஆறு முறை (18)
4: பின்பக்க இழையில் மட்டும் 18 சிங்கிள் (18)
5: 18 சிங்கிள் (18)
6: 1 குறைத்தல், 5 சிங்கிள், தொடர்ந்து 4 கூட்டல், 5 சிங்கிள், 1 குறைத்தல் (20)
7: 1 குறைத்தல், 6 சிங்கிள், தொடர்ந்து 4 கூட்டல், 6 சிங்கிள், 1 குறைத்தல் (22)
8: 22 சிங்கிள் (22)
9: 10 சிங்கிள், 1 கூட்டல், இரண்டு முறை (24)
10 முதல் 15 வரை: 24 சிங்கிள் (24)
16: 6 சிங்கிள், 1 குறைத்தல், மூன்று முறை (21)
17: 21 சிங்கிள் (21)
18: 2 சிங்கிள், 1 குறைத்தல், பிறகு 5 சிங்கிள், 1 குறைத்தல் இரண்டு முறை, கடைசியில் 3 சிங்கிள் (18)
19: 18 சிங்கிள் (18)
20: 4 சிங்கிள், 1 குறைத்தல், மூன்று முறை (15)
21: 15 சிங்கிள் (15)
22: 1 சிங்கிள், 1 குறைத்தல், பிறகு 3 சிங்கிள், 1 குறைத்தல் இரண்டு முறை, கடைசியில் 2 சிங்கிள் (12)
23: 12 சிங்கிள் (12)
24: 2 சிங்கிள், 1 குறைத்தல், மூன்று முறை (9)
25: 9 சிங்கிள் (9)
26: 1 சிங்கிள், 1 குறைத்தல், மூன்று முறை (6)

மிச்ச ஆறு கண்ணிகளின் முன்பக்க இழை வழியாக மழுங்கிய ஊசியில் நூலை ஓட்டி இழுத்து மூடுங்கள். உடல் மட்டும் ஏறக்குறைய 9 செ.மீ. வரும்.

இதில் உயிர் 4, 6, 7 சுற்றுகளில்தான் இருக்கிறது. நான்காவது சுற்றைப் பின்பக்க இழையில் போடுவதால் மூக்கு நுனி உருண்டையாகாமல் தட்டையான வட்டமாக மடிந்து நிற்கும். ஆவுளியாவின் முகம் அப்படித்தான், மொட்டையாக வெட்டினாற்போல இருக்கும். ஆறும் ஏழும் தலையை வளைக்கிற சுற்றுகள். மேல்பக்கம் நான்கு கண்ணி கூடுகிறது, அடிப்பக்கம் இரண்டு குறைகிறது. அதனால் மேல்பக்கம் பின்னால் போகப் போக உயர்கிறது, அடிப்பக்கமும் உள்ளே ஏறுகிறது, மூக்கு மட்டும் தாழ்ந்து நிற்கிறது. உங்கள் பேட்டர்னில் கூட்டல்களைச் சுற்றிலும் சமமாகப் பரப்பியிருப்பார்கள். அப்படிப் போட்டால் முட்டை வடிவம்தான் கிடைக்கும், எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் தலை குனியாது.

18-ஆம், 22-ஆம் சுற்றுகளின் தொடக்கம் மட்டும் ஏன் வேறு மாதிரி என்று கேட்கலாம். குறைப்புகள் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தால் உடலில் மூன்று முனை கிளம்பி, வால் பக்கம் முக்கோணமாகிவிடும். இடம் மாற்றிப் போட்டால் உருண்டையாக ஒடுங்கும்.

இன்னொரு விஷயம் பலரைக் குழப்பும். சுற்றிச் சுற்றிப் போடும்போது கண்ணிகள் மெல்ல வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். பத்துச் சுற்று கழித்துப் பார்த்தால் அடையாள நூல் வயிற்றின் நடுவில் இருக்காது, சில கண்ணிகள் நகர்ந்திருக்கும். எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று பிரிக்க வேண்டாம், அது இந்தக் கண்ணியின் குணம். 9-ஆம் சுற்றுக்கு மேல் எது முதுகு, எது வயிறு என்பதை அடையாள நூலை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், மூக்கின் வளைவைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

மேஜிக் வளையத்தின் நூல் நுனியை இழுத்து மூடியபின் உட்புறமாக வந்த திசைக்கு எதிராக ஒரு முழுச் சுற்று ஓட்டி மறுபடி இழுங்கள். மில்க் காட்டன் வழுவழுப்பான நூல், ஒருமுறை இழுத்து வெட்டிவிட்டால் ஒரு மாதத்தில் மூக்கின் நடுவில் துளை திறக்கும். அதோடு இந்த நூல் முறுக்கு தளர்ந்தது, ஊசிமுனை இழைகளைப் பிளக்கும். பிளந்த இழையோடு போட்ட கண்ணி தனியாகத் துருத்தித் தெரியும். கண்டவுடன் அந்த ஒரு கண்ணியைப் பிரித்துப் போடுங்கள், நாலு சுற்று தாண்டிவிட்டால் விட்டுவிடத்தான் வேண்டும்.

பஞ்சு அடைப்பது

பிளாஸ்டிக் கண் வைப்பதாக இருந்தால் 5 மி.மீ. கண்ணை 7, 8-ஆம் சுற்றுகளுக்கு நடுவில், தலைக்கு மேலாக எண்ணினால் 9 கண்ணி இடைவெளியில் வைத்து, உள்ளே வாஷரை அழுத்திப் பூட்டுங்கள். இதை 15-ஆம் சுற்றுக்குள் செய்துவிட வேண்டும், பிறகு விரல் உள்ளே போகாது. ஆவுளியாவுக்குக் கண் மிகச் சிறியது. பெரிய கண் வைத்தால் அழகாக இருக்கும் என்று 8 மி.மீ. வாங்காதீர்கள், பொம்மை தவளையாகிவிடும். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகும் பொம்மை என்றால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம், கறுப்பு நூலில் முடிச்சுத் தையல் போட்டுவிடுங்கள். யார் வாங்குவார்கள் என்று தெரியாத விற்பனை மேசைக்கு எல்லாவற்றிலும் தையல் கண்தான் நல்லது.

15-ஆம் சுற்று முடிந்ததும் பஞ்சு அடைக்கத் தொடங்குங்கள். பஞ்சைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, விரலால் உதறி, பென்சிலின் மழுங்கிய பின்பக்கத்தால் முதலில் மூக்குக்குள் தள்ளுங்கள். ஒரே உருண்டையாகத் திணித்தால் அது குழாய்க்குள் கட்டை நின்றது போல் நின்று, கஷ்டப்பட்டுப் போட்ட வளைவை நிமிர்த்திவிடும். உங்கள் பொம்மையின் தலை நேராக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூக்கில் மிதமாக, நடு உடலில் நன்றாக, 22-ஆம் சுற்றுக்குப் பின்னால் அநேகமாக ஒன்றுமில்லாமல். அடைத்தபின் கண்ணிகள் பிரிந்து பஞ்சு தெரிந்தால் பஞ்சு அதிகம். அழுத்திவிட்டால் மெல்ல மீண்டு வர வேண்டும், அமுக்கினால் அமுங்கியே கிடந்தால் குறைவு.

ஏற்கெனவே செய்துவைத்தவற்றைப் பிரிக்க வேண்டாம். தாடையில், 5-ஆம் சுற்றுக்கு நேராக நூலைக் குத்தி, உள்ளே ஓட்டி, வயிற்றில் 9-ஆம் சுற்றில் வெளியே எடுங்கள். ஒரு கண்ணி தள்ளி அதே வழியில் திரும்பி வந்து, மூக்கு தாழும்வரை இழுத்து முடிச்சிடுங்கள். இழுக்கும்போது இன்னொரு கையால் தலையை வளைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நூலை மட்டும் நம்பி இழுத்தால் தாடையில் குழி விழும்.

வால்

இரண்டு மடல். ஒவ்வொன்றும் இப்படி:

1: மேஜிக் வளையத்தில் 4 சிங்கிள் (4)
2: 1 சிங்கிள், 1 கூட்டல், இரண்டு முறை (6)
3: 2 சிங்கிள், 1 கூட்டல், இரண்டு முறை (8)
4: 8 சிங்கிள் (8)

முதல் மடலில் ஒரு சாண் நூல் விட்டு வெட்டுங்கள். இரண்டாவதை வெட்டாமல், ஊசியில் இருக்கிற கண்ணியோடு நேராக முதல் மடலுக்குத் தாவி அதைச் சுற்றி 8 சிங்கிள், பிறகு இரண்டாவதைச் சுற்றி 8 சிங்கிள் (16). அடுத்த சுற்று 2 சிங்கிள், 1 குறைத்தல், நான்கு முறை (12). அதற்கடுத்து 1 சிங்கிள், 1 குறைத்தல், நான்கு முறை (8). இரண்டு மடலும் சேருமிடத்தில் ஒரு துளை விழும், வெட்டிய நூலால் அதைத் தைத்து மூடுங்கள். வெட்டு அந்த இடத்தில்தான் வருகிறது என்பதால் அதிகம் இழுத்துத் தைத்து அதை நிரப்பிவிடாதீர்கள். பஞ்சு வேண்டாம், தட்டையாக அமுக்கிவிடுங்கள்.

திறந்திருக்கும் எட்டுக் கண்ணி வாய்க்குள் உடலின் நுனியை ஒரு சுற்று ஆழத்துக்கு நுழைத்துச் சுற்றித் தையுங்கள். தைப்பதற்கு முன் ஒரு சோதனை: பொம்மையை மேசைமேல் வயிறு படும்படி வையுங்கள். வால் மேசையோடு மேசையாகப் படுத்திருக்க வேண்டும். நட்டுக்குத்தலாக நின்றால் அது மீன் வால். குண்டூசியில் குத்திவைத்து மூன்று பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தையுங்கள், தைத்தபின் திருப்ப முடியாது.

துடுப்பு இரண்டு. 6 சிங்கிள் வளையம், அடுத்த சுற்று 6, பிறகு 2 சிங்கிள், 1 கூட்டல் இரண்டு முறை (8), ஒரு சுற்று 8, பிறகு 2 சிங்கிள், 1 குறைத்தல் இரண்டு முறை (6). தட்டையாக்கி இரண்டு மடிப்பையும் சேர்த்து 3 சிங்கிள் போட்டு மூடுங்கள். 9-ஆம் சுற்றுக்கும் 11-ஆம் சுற்றுக்கும் நடுவில், பக்கவாட்டில் இருந்து சற்று வயிற்றுப் பக்கமாக, நுனி பின்னோக்கிச் சாயும்படி தையுங்கள். மூக்கின் மேல் விளிம்பில் அடர் நிற நூலால் இரண்டு சிறு கோடு போட்டால் அது நாசித் துளை. வாய்க்குத் தட்டை வட்டத்தின் கீழ்ப் பகுதியில் ஒரே ஒரு வளைகோடு போதும். சிரிப்பு வரைய வேண்டாம் என்பது என் எண்ணம், இந்த விலங்கின் தொங்கிய முகத்துக்கே ஒரு தனி அழகு உண்டு.

பண்டிகைக்கு என்று தெரிய

சிவப்புக் குல்லாய் போடத்தான் எல்லோருக்கும் கை வரும். குல்லாய் வைத்தால் தலையின் வளைவு மறைந்து, பொம்மை எந்த விலங்காகவும் ஆகிவிடுகிறது. கழுத்தில் ஒரு சிவப்பு மஃப்ளர் கட்டுங்கள்: 46 சங்கிலி, ஊசியில் இருந்து மூன்றாவது சங்கிலியில் தொடங்கி ஒரு வரிசை ஹாஃப் டபுள், மொத்தம் 44. ஏறக்குறைய 18 செ.மீ. வரும், 8-ஆம் சுற்றில் ஒருமுறை சுற்றி முடிச்சுப் போடச் சரியாக இருக்கும். வாயில் பச்சை நூலில் கடற்புல்: 9 சங்கிலி போட்டு, இரண்டாவதில் இருந்து திரும்பி 8 ஸ்லிப் கண்ணி, அதிலிருந்தே இன்னும் இரண்டு கீற்று. அடியை வாய்க்கோட்டில் தைத்துவிடுங்கள். சிவப்பும் பச்சையும் வந்துவிட்டது, கிறிஸ்துமஸுக்கு வேறென்ன வேண்டும்.

சிவப்பு நூலைக் கட்டும் முன் ஒரு முழம் வெட்டி நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் அந்த நூலை எடுக்காதீர்கள். கழுவாவிட்டாலும் நவம்பர், டிசம்பர் ஈரத்தில் சில சிவப்பு நூல்கள் தானாகவே கழுத்தில் ரோஜா நிறக் கறை விடும்.

தொங்கவிட இரும்புக் கொக்கி வேண்டாம், துரு. தங்கூசி நரம்பு (மெல்லிய, நிறமற்ற நைலான் இழை) கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதான், ஆனால் சாதாரண முடிச்சு அதில் நழுவிவிடும், தூண்டில் கட்டுகிற முடிச்சாகப் போட வேண்டும். எனக்கு அதில் வேறொரு சங்கடமும் உண்டு. ஆவுளியாக்கள் சாவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று செவுள்வலையில் சிக்குவது. அதை வலை நரம்பிலேயே தொங்கவிடுவது பார்க்க உறுத்தும். சிவப்பு நூலிலேயே 40 சங்கிலி போட்டு இரண்டாக மடித்தால் 8 செ.மீ. வளையம் கிடைக்கும்.

வளையத்தை முதுகில் எங்கே தைப்பது என்பதை எண்ணி முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு பொம்மையிலும் பஞ்சு வேறு மாதிரி இருக்கும். 11, 12-ஆம் சுற்று அருகே முதுகில் ஒரு கண்ணிக்கடியில் நூலை விட்டுத் தூக்கிப் பாருங்கள். மூக்கு மேலே தூக்கினால் தொங்கும் இடத்தை வால் பக்கம் ஒரு சுற்று நகர்த்துங்கள். தலை சற்றுத் தாழ்ந்து, மேயப் போகிற மாதிரி நிற்கிற இடம் வரும்போது தையுங்கள். ஒரு கண்ணியில் மட்டும் தைத்தால் அது நீண்டு துளையாகும், இரண்டு மூன்று கண்ணிகளைச் சேர்த்துப் பிடியுங்கள். முழுப் பொம்மை 20 கிராமுக்குள்தான் இருக்கும், சவுக்குக் கிளையை வெட்டி மரமாக வைக்கிற வீட்டிலும் நடுக்கிளை தாங்கும். நுனிக்கிளையில் மாட்டினால் வளைந்து அடுத்த கிளையில் உட்கார்ந்துகொள்ளும். மெழுகுவத்தியும் பழைய சூடேறுகிற சீரியல் பல்பும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

பிசுபிசுப்பு

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, உங்கள் வேலையும் அதே மாதங்களில். காற்றில் ஈரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பிசுபிசுப்புக்கு ஈரம் மட்டும் காரணமாக இருக்காது, உப்பும் சேர்ந்திருக்கும். செய்து முடித்ததும் கிணற்றிலோ போர் குழாயிலோ அலசியிருப்பீர்கள். கரையோரத்தில் அந்தத் தண்ணீர் பல இடங்களில் உவர். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு நூலிலேயே தங்கும். பிறகு காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அந்த உப்பு ஈரத்தை இழுக்கும், பொம்மை மறுபடி மறுபடி நசநசக்கும். உவர்நீரில் எத்தனை முறை அலசினாலும் தீராது. கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர் எடுங்கள், ஒரு பொம்மைக்கு ஒரு செம்பு போதும். அலசவே தேவையில்லாமல் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது: கை கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள், நூல் உருண்டையை மூடிபோட்ட டப்பாவில் வைத்து ஒரு துளை வழியாக இழுத்துப் போடுங்கள்.

நனைந்த பொம்மையைத் துண்டில் சுருட்டி அமுக்கி, தட்டையாக வைத்து உலர்த்துங்கள். வாலில் பிடித்துக் கொடியில் மாட்டினால் தண்ணீர் எல்லாம் மூக்கில் இறங்கி அங்கே மட்டும் இரண்டு நாள் காயாது, நாற்றம் அங்கேதான் கிளம்பும். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், நடு உடலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அந்த நிலையில் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினால் விற்பனை நாளில் கறுப்புப் புள்ளிகளோடுதான் திறப்பீர்கள். விற்பனைக்குக் காகிதப் பையே போதும். அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைப்பதாக இருந்தால் ஒரு நாள் முழு வெயில் காட்டி, சூடு ஆறியபின், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில்.

விற்பனை மேசைக்கு ஒரு சீட்டு கட்டுவதாக இருந்தால் அதில் இரண்டு வரி எழுதலாம்: கடற்புல் மேய்கிற கடல் பாலூட்டி, வளர்ந்தால் ஏறக்குறைய 3 மீட்டர் நீளம் வரும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022-ல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகத்தையும் சேர்க்க ஆசைப்பட்டால் இடத்தைச் சரியாக எழுதுங்கள். அது பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் என்று எழுதிவிட்டால் தெரிந்தவர் யாராவது மேசைக்கு முன்னால் நின்று திருத்துவார். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா வேறு, அது 1986-ல் அறிவித்தது. சீட்டை நூலில் கட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்தால் அதுவும் துருதான்.